ஹாட் ஆக்ஸில் டிடெக்டர்: சேலத்தில் 57 டிகிரி கூடுதலாகக் காட்டியும் வண்டியை ஏன் நிறுத்தவில்லை?

#1 பாலக்கரை_பயணி

நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துச் சேலம்.

2023 பிப்ரவரி 3 இரவு நார்ஃபோக் சதர்ன் கம்பெனியின் 32என் என்ற சரக்கு வண்டி ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரருகே தடம் புரண்டது. மொத்தம் 38 வேகன்கள் புரண்டன. 23ஆவது வேகனில் ஒரு பேரிங் எரிந்துபோனதுதான் காரணம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொல்லிவிட்டது. அந்த வேகனில் இருந்தது பிளாஸ்டிக் குருணை. ஆபத்தான சரக்கு வேறு டேங்கர்களில் இருந்தது.

வழியில் மூன்று டிடெக்டர்கள், அதாவது ஹாட் ஆக்ஸிலைப் (அளவுக்கு மீறிச் சூடான பேரிங்கை) பிடிக்கும் பாதையோரக் கருவிகள். வெளிக்காற்றை விடப் பேரிங் எத்தனை டிகிரி கூடுதல் என்பது கணக்கு (செல்சியஸுக்கு மாற்றியிருக்கிறேன்):

சீப்ரிங்: 21
சேலம் (சுமார் 17 கி.மீ. தள்ளி): 57
ஈஸ்ட் பாலஸ்டைன் (அதற்கும் சுமார் 31 கி.மீ. தள்ளி): 140

கம்பெனி விதிப்படி 94ஐத் தாண்டினால் நிறுத்திப் பார்க்கணும், 111ஐத் தாண்டினால் வேகனைக் கழற்றணும். சேலத்தில் 57தான், அதனால் யாரும் நிறுத்தவில்லை. ஆனால் சேலத்தைத் தாண்டும்போதே அந்த வேகனுக்கு அடியில் தீ தெரிகிற சிசிடிவி காட்சி இருக்கிறது. தீ பிடித்த பேரிங் எப்படி 57 காட்டும்? கருவி பழுதா, வரம்பு தப்பா? நம்ம கூட்ஸ் வண்டியில் இதே நடந்தால் எதை வைத்துப் பிடிப்பார்கள்?

#2 கேஸ்நப்

கருவி பழுதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை சார். அது எந்த இடத்தைப் பார்க்கிறது என்று கவனித்தால் புரிந்துவிடும்.

டிடெக்டரின் கண் தண்டவாளத்தை ஒட்டிக் கீழே இருக்கிறது. அங்கிருந்து அண்ணாந்து பேரிங்கின் வெளி வளையத்தை, அதாவது கப்பின் அடிப்பகுதியைப் பார்க்கிறது. வேகனின் பாரம் இறங்குவது மேலிருந்து: சைடு ஃபிரேம் (பக்கச் சட்டம்), அடாப்டர் (பேரிங் மேல் உட்காரும் இரும்புத் துண்டு), கப்பின் உச்சி, மேல்பக்கத்து உருளைகள், பிறகு ஜர்னல் (அச்சின் முனை). கப் சுற்றாது, அப்படியே நிற்கும். ஆகவே தேய்ப்பும் சூடும் பிறப்பது கப்பின் உச்சியில். உச்சியை அடாப்டர் மூடியிருக்கிறது. கருவிக்குக் கிடைப்பது பாரமே இல்லாத அடிப்பகுதி, அதுவும் எதிர்க்காற்று நேராக அடிக்கிற பகுதி.

இன்னொன்று, கப்புக்குள் உருளைகள் இரண்டு வரிசை, சக்கரத்தை ஒட்டி ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. கண் வெளி வரிசைக்கு நேராக இருந்து பழுது உள் வரிசையில் இருந்தால் இன்னும் குறைவாகத்தான் காட்டும்.

நேரமும் கிடையாது. 75 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 21 மீட்டர். கப்பின் குறுக்களவு சுமார் 20 செ.மீ. கண்ணுக்கு முன்னால் அது இருப்பது விநாடியின் நூறில் ஒரு பங்கு.

#3 பாலக்கரை_பயணி

அப்போ வரம்பு 94 என்று வைத்தது எந்தக் கணக்கில்?

#4 உருளைத்தாங்கி

நல்ல பேரிங்கை வீணாக நிறுத்தக் கூடாது என்ற கணக்கில். பாரம் ஏற்றிய நல்ல பேரிங்கே வெளிக்காற்றை விட 15 முதல் 30 டிகிரி கூடுதலாகத்தான் ஓடும். கிரீஸ் புதிது, சீல் இறுக்கம், ஒரு பக்கம் பாரம் அதிகம் என்றால் 40, 45 கூடப் போய்விட்டு இறங்கும். இதற்கெல்லாம் நிறுத்தினால் வண்டி ஓடாது என்று வரம்பைத் தூக்கி வைத்தார்கள்.

ஆனால் பேரிங் சாகிற விதம் நேர்கோடு கிடையாது. முதலில் ஓடுபாதையில் சின்னச் சின்னச் செதில் பெயரும். ஆயிரக்கணக்கான கி.மீ. அப்படியே ஓடும், சூடு பெரிதாக ஏறாது. அப்புறம் செதில் தூள் கிரீஸில் கலக்கும், உருளை கோணும், கேஜ் (உருளைகளை இடைவெளி விட்டுப் பிடிக்கும் கூடு) தேயும். லித்தியம் கிரீஸ் 120 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்காது, 180, 190 வாக்கில் சொட்டி ஓடிவிடும். கிரீஸ் போனதும் இரும்போடு இரும்பு. கேஜ் பாலியமைடாக இருந்தால் 260 டிகிரி பக்கம் உருகியே போகும். உருளைகள் ஒரு பக்கமாகக் குவிந்து பேரிங் பூட்டிக்கொள்ளும். சக்கரம் மட்டும் சுற்றுவதால் உள் வளையம், அதாவது கோன், ஜர்னல் மேல் வழுக்கிச் சுற்ற ஆரம்பிக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் ஜர்னல் செஞ்சிவப்பாகி இழுபட்டுத் துண்டாக நிமிடக் கணக்குதான்.

முதல் கட்டம் மாதக் கணக்கு, கடைசிக் கட்டம் நிமிடக் கணக்கு. வெப்பத்தைப் பார்க்கும் கருவி பிடிப்பது கடைசிக் கட்டத்தை மட்டும். அதனால்தான் 21, 57, 140 என்று பாய்ந்திருக்கிறது.

#5 கேஸ்நப்

அங்கே அன்று வெளியே மைனஸ் 12 டிகிரி குளிர். சேலத்தில் 57 கூடுதல் என்றால் கப்பின் அடிப்பகுதி உண்மையில் 45 டிகிரி. சித்திரை மதியத்தில் விருத்தாசலம் யார்டில் நிற்கிற வேகனின் நல்ல பேரிங்கே அந்தச் சூட்டில் இருக்கும். ஆக, வெளிக்காற்றைக் கழிக்காத அளவீட்டுக்கு மதிப்பே இல்லை. கழித்ததும் போதாது என்பதற்கு இந்த விபத்தே சாட்சி.

#6 ரன்_த்ரூ

இவ்வளவு எதற்கு? 5 கி.மீ.க்கு ஒரு டிடெக்டர் வைத்தால் தீர்ந்தது. சேலத்துக்கும் ஈஸ்ட் பாலஸ்டைனுக்கும் நடுவே 31 கி.மீ. சும்மா விட்டிருக்கிறார்கள். அந்த வேகத்தில் 25 நிமிடம். அங்கே டிடெக்டர் வைக்கச் சொல்லி மத்திய அரசின் விதியே கிடையாதாம், கம்பெனி பார்த்து வைத்தால் உண்டு.

#7 உருளைத்தாங்கி

விதி இல்லை என்பது சரி. விபத்துக்கு அடுத்த மாதமே பெரிய கம்பெனிகளின் சங்கம் இடைவெளியைச் சராசரி 15 மைலாக, அதாவது 24 கி.மீ. ஆக்குவோம் என்றது. சுமார் 1,000 புது டிடெக்டர்கள், 94 டிகிரியைத் தாண்டினால் எல்லாக் கம்பெனியும் நிறுத்துவது என்றும் அறிவித்தார்கள்.

ஆனால் 5 கி.மீ.க்கு ஒன்று என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 58 பாக்ஸ்என் (திறந்த சரக்கு) வேகன் கொண்ட ரேக்கில், அதாவது முழு வண்டியில், பேரிங் எத்தனை? வேகனுக்கு 8, மொத்தம் 464. டிடெக்டர் ஒவ்வொன்றும் 464 முறை முடிவு எடுக்கிறது. ஆயிரத்தில் ஒன்று தப்பாகப் போனாலும் இரண்டு ரேக்குக்கு ஒரு பொய் அலாரம். ஒற்றை லைனில் பொய் அலாரத்துக்காக நாலு தடவை நிறுத்திப் பாருங்கள், ஐந்தாவது தடவை வரம்பை உயர்த்தச் சொல்லி மேலேயிருந்தே ஆள் வரும். வரம்பு 94க்குப் போனதே அப்படித்தான் இருக்கும்.

#8 ரன்_த்ரூ

அப்போ 31 கி.மீ. இடைவெளி சரி என்கிறீர்களா?

#9 உருளைத்தாங்கி

இல்லை. இடைவெளி குறையணும், ஆனால் அது தனியாக உதவாது. சீப்ரிங் 21, சேலம் 57. 17 கி.மீ.யில் 36 டிகிரி ஏற்றம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிரல் இருந்திருந்தால் அங்கேயே கூவியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சாதாரண எண்.

அதோடு அதே வண்டியின் மற்றப் பேரிங்குகளோடு ஒப்பிட வேண்டும். ஒரு பக்கத்துப் பேரிங் 232ஐயும் சூட்டின் வரிசையில் அடுக்குங்கள். எடுத்துக்காட்டுக்கு, கீழிருந்து கால்வாசியில் இருப்பது 14, முக்கால்வாசியில் இருப்பது 20. இடைவெளி 6. ஒரு பேரிங் 38 காட்டினால் 38இல் 20 போக 18, அதை 6ஆல் வகுத்தால் 3. மூன்று மடங்கு விலகி நிற்கிறது. 38 என்பது எந்த வரம்பையும் தொடாத எண், ஆனால் தன் கூட்டத்தை விட்டு விலகிவிட்டது. சராசரியை எடுக்காமல் கால்வாசி, முக்கால்வாசி எடுப்பதற்குக் காரணம், ஒன்றிரண்டு பேரிங் தீயாய்க் கொதித்தால் சராசரியே ஏறிப்போய் அவற்றை மறைத்துவிடும்.

இடம், வலம் தனித்தனியாக அடுக்கணும். நம்ம ஊரில் வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம்.

#10 பாலக்கரை_பயணி

ஒரே அச்சின் இரு முனைகளையும் ஒப்பிடுவது?

#11 உருளைத்தாங்கி

அதுவும் அங்கே விதியில் இருந்தது. ஒரே அச்சில் 64 டிகிரி வித்தியாசம் இருந்தால் நிறுத்தணும். சேலத்தில் பேரிங்கின் மொத்தக் கூடுதலே 57, எதிர் முனை எவ்வளவு இருந்தாலும் வித்தியாசம் 64ஐ எட்டாது. விதி இருந்தும் விதியின் எண் உயரம்.

#12 யார்டு_வெயில்

நம்ம பக்கத்துக் கதைக்கு வரலாம். டிடெக்டர் இல்லாத யார்டில் இன்றைக்கும் ரோலிங் இன் (வண்டி உருண்டு உள்ளே வரும்போதே கவனிப்பது) பார்ப்பதும் கையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துச் சுடுவதும்தான். அந்தத் துப்பாக்கியைப் பாதிப் பேர் தப்பாகப் பிடிக்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி நுழையும்போதே இரண்டு பக்கமும் ஆள் நிற்கணும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது காதும் மூக்கும்தான் கருவி. சீட்டியடிப்பது போன்ற சத்தம், இரும்பு அரைபடும் சத்தம், கருகிய கிரீஸ் வாடை, எண்ட் கேப் (பேரிங்கின் முனை மூடி) ஓரத்தில் கிரீஸ் வழிந்து சக்கரத் தட்டில் விசிறி போல அடித்திருப்பது. எந்த வேகன் என்று சாக்பீஸால் தரையிலோ கையிலோ குறித்துக்கொள்ளணும். நின்ற பிறகு எல்லா வேகனும் ஒரே மாதிரி இருக்கும்.

துப்பாக்கியை ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த உடனே சுடக் கூடாது. வெளியே 15, 20 நிமிடம் வைத்து அதன் உடம்பு வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள். எமிசிவிட்டி (பரப்பு வெப்பத்தை வீசும் விகிதம்) 0.95. தூசியும் எண்ணெயும் படிந்த கப்புக்கு அது பொருந்தும். தேய்த்துப் பளபளப்பான உலோகத்தில் அதே அமைப்போடு சுட்டால் இருக்கிற சூட்டில் பாதிகூடக் காட்டாது. பளபளப்பாக இருந்தால் அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியோ சாக்பீஸ் பூசியோ எடுங்கள்.

தூரம் முக்கியம். பெட்டியில் 12:1 என்று போட்டிருந்தால் 60 செ.மீ. தள்ளி நின்றால் 5 செ.மீ. வட்டத்தின் சூட்டைக் காட்டும். 2 மீட்டர் தள்ளி நின்றால் வட்டம் 17 செ.மீ., அதில் பாதி சைடு ஃபிரேம். சிவப்புப் புள்ளி குறி வைக்கத்தான், அந்தப் புள்ளியை மட்டும் அளக்கிறது என்று நினைக்காதீர்கள்.

எங்கே சுடுவது? சிடிஆர்பி (கூம்பு உருளைகளை அடைத்துச் சீல் வைத்த பேரிங்) உள்ள கேஸ்நப் போகியில் (கூட்ஸ் வேகனின் சக்கரச் சட்டம்) அடாப்டருக்குக் கீழே கப் தெரியும் இடம். ஐசிஎஃப் பயணிகள் பெட்டியில் ஆக்ஸில் பாக்ஸ் (பேரிங் இருக்கும் பெட்டி) உடம்பு. எதை எடுத்தாலும் ரேக் முழுக்க ஒரே இடம். ஒன்றில் கப், அடுத்ததில் எண்ட் கேப் என்று மாற்றினால் ஒப்பிடவே முடியாது.

58 வேகன் என்றால் 620 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 232 அளவீடு, ஒன்றுக்கு 5 விநாடி வைத்தால் 20 நிமிடம். அதற்குள் சூடு மாறிவிடும். நின்ற புதிதில் காற்றோட்டம் நின்றுபோய் உள்ளே இருக்கும் சூடு வெளியே வரும், வெளிச்சூடு கொஞ்சம் ஏறும், அப்புறம்தான் இறங்கும். எனவே வண்டி நின்ற நேரத்தையும் அளந்த நேரத்தையும் சேர்த்து எழுதணும். சந்தேகப்பட்ட வேகனை முதலில் சுடுங்கள்.

எத்தனை டிகிரியில் கழற்றுவது என்பது உங்கள் கோட்டத்து சுற்றறிக்கைப்படி. ஆனால் ஒரு முனை மட்டும் தன் வேகனின் மற்ற ஏழை விட 20 டிகிரி கூடுதலாக இருந்தால் சுற்றறிக்கையின் எண்ணுக்குக் காத்திருக்காமல் மேலே சொல்லிவிடுவேன்.

#13 புது_டிஎக்ஸ்ஆர்

அண்ணே, பிரேக் பைண்டிங்கில் (பிரேக் விடாமல் பிடித்தபடி ஓடுவது) சூடானதையும் ஹாட் ஆக்ஸிலையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ரெண்டிலும் பேரிங் சூடாகத்தானே இருக்கும்?

#14 யார்டு_வெயில்

மூன்று இடத்தில் சுடு தம்பி. சக்கர ஓரம், சக்கரத்தின் நடுக்குடம், பேரிங். ஓரம் அதிகம், குடம் அதைவிடக் குறைவு, பேரிங் இன்னும் குறைவு என்றால் பிரேக் பைண்டிங். சூடு வெளியிலிருந்து உள்ளே வந்திருக்கிறது. பேரிங் அதிகம், குடம் குறைவு, ஓரம் இன்னும் குறைவு என்றால் ஹாட் ஆக்ஸில்.

பைண்டிங்கில் ஒரே அச்சின் இரு சக்கரமும் சூடாகும், பெரும்பாலும் அந்த வேகனில் பல சக்கரம் சேர்ந்தே சூடாகும், ஏனென்றால் ஒரே சிலிண்டர் எல்லாவற்றையும் அழுத்துகிறது. ஹாட் ஆக்ஸில் அநேகமாக ஒற்றை முனை. சக்கர ஓட்டுபரப்பு நீலம் பாய்ந்திருந்தால் 300 டிகிரியைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம்.

பைண்டிங் என்றால் ஹேண்ட் பிரேக் கழன்றிருக்கிறதா பார், டிவியை (பிரேக் காற்றைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வ்) ஐசொலேட் பண்ணி சிலிண்டர் காற்றை வெளியேற்று, பிளாக் விலகுகிறதா பார். அதோடு சக்கரத்தில் தட்டை விழுந்திருக்கிறதா என்று ஒரு சுற்று உருட்டிப் பார். கூட்ஸுக்கு 60 மி.மீ., கோச்சுக்கு 50 மி.மீ. வரை அனுமதி. தட்டை விழுந்த சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் பேரிங்கை ஒரு அடி அடிக்கும். இன்றைய பைண்டிங்தான் ஆறு மாதம் கழித்து வரும் ஹாட் ஆக்ஸில்.

#15 லெவல்கிராசிங்_42

கேட்மேன், ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்திலிருந்து. ஆல்ரைட் (வண்டி சரியாகப் போகிறது என்ற கொடி) காட்டும்போது புகையோ தீப்பொறியோ தெரிந்தால் பச்சைக் கொடியை மடக்கிவிட்டு சிவப்பை ஆட்டணும், இஞ்சின் தாண்டிவிட்டால் கார்டு பார்க்கும்படி ஆட்டணும். அதே சமயம் முன் ஸ்டேஷனுக்கு போன். போனில் "ஹாட் ஆக்ஸில் போகுது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால் அங்கே 620 மீட்டர் தேடணும். சொல்ல வேண்டியது: எந்தப் பக்கம், இஞ்சினிலிருந்து ஏறக்குறைய எத்தனையாவது, புகையா பொறியா தீயா, வேகன் ஏதாவது சாய்ந்து தெரிந்ததா.

லோகோ பைலட் முடிந்தவரை மெல்ல நிறுத்தணும், பாலத்தின் மேலும் பாயின்ட் (தடம் பிரியும் இடம்) மேலும் நிற்காமல். அப்படியே லூப்பில் (ஸ்டேஷனின் பக்கத் தடத்தில்) வாங்கிக்கொள்ளலாம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஜர்னல் பாதி அறுந்த வேகன் நேர்ப்பாதையில் தாக்குப்பிடித்துவிட்டு, பாயின்டில் திரும்பும்போது இறங்கிவிடும். முதலில் நின்ற இடத்தில் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது வாளியோடு ஓடுகிறார்கள். தீ எரிந்தால் பவுடர் சிலிண்டர் அல்லது உலர்ந்த மணல்.

#16 புது_டிஎக்ஸ்ஆர்

தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்?

#17 உருளைத்தாங்கி

சிவக்கச் சூடான எஃகை நனைத்தால் மேல்தோல் சட்டென்று இறுகி வெடிப்பு விடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. ஆக்ஸிலைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை ஒடிவதற்குத் தயார் செய்கிறீர்கள். பக்கத்தில் நிற்பவர் மேல் கொதிநீராவி அடிக்கும், அது தனி.

#18 கேஸ்நப்

கழற்றிய பிறகு நடப்பதையும் எழுதிவிடுகிறேன், இதில்தான் தடயம் அழிகிறது.

வேகனைச் சிக் லைனில் (பழுது வேகன் நிறுத்தும் தடத்தில்) தள்ளியதும், பேரிங்கைத் தொடுவதற்கு முன் கப்பின் உச்சியில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். பாரம் விழுந்த இடம் எது என்று பிறகு தெரிய வேறு வழி கிடையாது. வேகன் எண், போகி, அச்சு, இடமா வலமா, எண்ட் கேப் லாக்கிங் பிளேட்டில் பொறித்திருக்கும் விவரம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். மூன்று கேப் ஸ்க்ரூவையும் கழற்றும் முன் ஏற்கனவே தளர்ந்திருந்ததா என்று பாருங்கள். 6×11 பேரிங்குக்கு அந்த ஸ்க்ரூவின் முறுக்கு 40 கிலோகிராம்-மீட்டர், டார்க் ரெஞ்சால்தான். ஸ்பேனரில் பைப் செருகி முறுக்கிய ஸ்க்ரூ பிறகு தளர்ந்துதான் போகும், கோன் ஜர்னல் மேல் ஊர ஆரம்பிக்கும்.

பிறகு அடாப்டர். உச்சி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் பாரம் ஒரே உருளை வரிசையில் விழுந்திருக்கிறது. 22.9 டன் ஆக்ஸில் லோடில் ஒரு பேரிங் தாங்குவது சுமார் 11 டன், அதை ஒரே வரிசை தாங்கினால் என்ன ஆகும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. அடாப்டர் இடம் மாறி உட்கார்ந்த வேகனும் உண்டு, குறிப்பாக தடம் புரண்டு தூக்கி வைத்த வேகனில். ரப்பர் பேடு கிழிந்து தொங்கினாலும் இதேதான்.

ஹாட் ஆக்ஸில் வந்த ஜோடிச் சக்கரம் மொத்தமாக வெளியே போகணும். எதிர் முனைப் பேரிங் நன்றாக இருந்தாலும் கழற்றணும். ஜர்னலில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த ஆக்ஸில் ஸ்கிராப், "லேத்தில் ஒரு கட் போட்டால் சரியாகிடும்" என்ற பேச்சே கூடாது. நிறம் மாறாவிட்டாலும் அல்ட்ராசோனிக் பார்த்து, ஜர்னல் விட்டம் அளந்த பிறகே திரும்பும்.

#19 பாலக்கரை_பயணி

பேரிங்கைப் பிரித்தால் காரணம் தெரியுமா?

#20 உருளைத்தாங்கி

உருகும் முன் பிடித்திருந்தால் தெரியும். உருகிப் போனால் இரும்புக் கட்டிதான் மிஞ்சும்.

உருளைகளின் இடைவெளிக்கு ஒத்த தூரத்தில் கறுத்த கோடுகள் இருந்தால் தண்ணீர் புகுந்து, வண்டி நின்றிருந்தபோது துரு பிடித்திருக்கிறது. வெள்ளத்தில் ஆக்ஸில் அளவுக்கு மூழ்கிய வேகனை அப்படியே ஓட்டினால் இது நிச்சயம். மழைக்காலத்துக்குப் பிறகு சில மாதம் கழித்துத்தான் பலன் தெரியும், அதனால் வெள்ளத்தோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

ஓடுபாதையில் உருளை தொட்ட இடங்களில் பொறி பட்ட சின்னக் குழிகள் இருந்தால் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. வேகன் உடம்பில் வெல்டிங் வைத்தவர் எர்த் கிளாம்பைத் தண்டவாளத்தில் மாட்டியிருப்பார். கரண்டு உடம்பிலிருந்து சக்கரம் வழியாக இறங்கும்போது உருளை தொடும் புள்ளியில் பொறி அடித்துக் குழி விழும். எர்த்தை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினால் இந்தச் சிக்கலே கிடையாது. பத்து விநாடி வேலை.

கோனின் உள்துளை வழுவழுப்பாகத் தேய்ந்து செம்பழுப்புத் தூள் இருந்தால் கோன் தளர்ந்து ஜர்னல் மேல் ஊர்ந்திருக்கிறது.

ஐசிஎஃப் பெட்டியில் வேறு நோய். அங்கே 22326 ஸ்பெரிகல் ரோலர் பேரிங், கிரீஸ் நாம் அடைக்கிறோம். ஃபெல்ட் ரிங் கிழிந்தால் கிரீஸ் வெளியே, தூசி உள்ளே. பேரிங் ஏற்றும்போது இண்டக்ஷன் ஹீட்டரில் 120ஐத் தாண்டிச் சூடேற்றினால் எஃகே கெட்டுவிடும். நிறைய அடைத்தால் நல்லது என்று பெட்டி முழுக்க கிரீஸ் திணிப்பது இன்னொரு தப்பு. கிரீஸ் கடைபட்டே சூடேறும். சிடிஆர்பியில் இந்தப் பேச்சே இல்லை, பட்டறையில் அடைத்து சீல் வைத்து வருவது, வழியில் கிரீஸ் கன்னைக் கொண்டுபோகாதீர்கள்.

#21 ரன்_த்ரூ

ப்ளெய்ன் பேரிங் (உருளை இல்லாத, எண்ணெயில் ஓடும் பழைய வகை) காலத்தில் இந்தத் தலைவலி குறைவு இல்லையா? எண்ணெய் புகைந்து ரெண்டு ஸ்டேஷன் முன்னாலேயே தெரிந்துவிடும்.

#22 கேஸ்நப்

தெரியும், ஆனால் எண்ணிக்கை பல மடங்கு அதிகம். கனடாவில் மிஸ்ஸிசாகா விபத்து, 1979 நவம்பர் 10, ப்ளெய்ன் பேரிங்தான். 106 வேகன் வண்டி, 33ஆவது வேகன். பாதையோரத்து ஜனங்கள் புகையையும் பொறியையும் பார்த்தார்கள், வண்டியில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அச்சே கழன்று விழுந்தது. ப்ரொபேன் வெடித்தது, குளோரின் டேங்கர் ஒன்று ஓட்டை. 2 லட்சம் பேருக்கு மேல் ஊரை விட்டு அனுப்பினார்கள். புகை வந்தால் போதாது, பார்க்கிற ஆளிடமிருந்து டிரைவருக்குச் சேதி போகணும்.

கொசுறாக ஒன்று: பிரிட்டனில் ஏ4 நீராவி இஞ்சின்களில் நடு பிக் எண்டில் (இணைப்புத் தண்டு கிராங்கோடு சேரும் பேரிங்) சோம்பு வாடை அடிக்கும் குப்பி வைத்திருந்தார்கள். சூடேறினால் குப்பி உடைந்து டிரைவர் மூக்குக்கு வரும். 1938 ஜூலையில் 126 மைல் வேகச் சாதனை படைத்த மல்லார்டும் அந்த நடு பிக் எண்ட் சூடாகித்தான் நின்றது.

#23 ஒலி_அலை

சூட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். #4இல் சொன்ன முதல் கட்டத்தைப் பிடிப்பது சத்தம். பாதையோரத்தில் மைக்ரோஃபோன் வரிசை வைத்து, ஓடுகிற வண்டியின் ஒவ்வொரு பேரிங்கின் ஒலியையும் தனியே பிரிப்பது. ரெயில்பாம் என்ற ஆஸ்திரேலியக் கருவி அந்த வகை. நம்ம ரயில்வேயில் ஓஎம்ஆர்எஸ் (ஓடும் வண்டியைக் கண்காணிக்கும் அமைப்பு) என்று வைப்பதிலும் இந்த ஒலிக் கருவியும் சக்கரத் தட்டையைப் பிடிக்கும் கருவியும் சேர்ந்து இருக்கும்.

கணக்கு சுலபம். சக்கரம் 1 மீட்டர் விட்டம், வேகம் 75 கி.மீ. என்றால் விநாடிக்கு 6.6 சுற்று. ஒரு வரிசையில் உருளை 23 என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பில் ஒரு செதில் பெயர்ந்திருந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 உருளை அதைத் தட்டும், விநாடிக்கு 67 தட்டு. கோனில் என்றால் சுற்றுக்கு 13, விநாடிக்கு 85. 67இல் துடிப்பு வந்தால் கப், 85இல் வந்தால் கோன். எந்தப் பாகம் போயிருக்கிறது என்று பிரிக்காமலே தெரியும், அதுவும் சூடேறுவதற்கு வெகு முன்னால்.

#24 யார்டு_வெயில்

காகிதத்தில் அழகாக இருக்கு. தட்டை விழுந்த சக்கரம் பக்கத்தில் ஓடினால் அந்த இடி எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பிரேக் பிளாக் கீச்சிடும். தளர்ந்த கதவு தடதடக்கும்.

#25 ஒலி_அலை

தட்டைச் சக்கரம் சுற்றுக்கு ஒரே ஒரு அடி, விநாடிக்கு 6.6. அதைக் கழித்துவிடலாம். பிரேக் சத்தத்துக்கு மருந்து இடத் தேர்வு: வண்டி ஒரே வேகத்தில் ஓடும் நேர்ப்பாதை, பிரேக் போடாத இடம், பாயின்டும் ஜாயின்டும் இல்லாத இடம். ஒரு தடவை கேட்டதை வைத்துக் கழற்றச் சொல்ல மாட்டார்கள், அடுத்தடுத்து வரும்போதும் அதே பேரிங் அதே துடிப்பைக் காட்டினால்தான்.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. கோன் தளர்ந்து ஊருவது, கிரீஸ் வற்றுவது, இதற்கெல்லாம் தாளம் கிடையாது. அங்கே ஒலி கைவிடும், வெப்பம்தான் பிடிக்கணும்.

#26 உருளைத்தாங்கி

இரண்டுக்கும் வேகனை அடையாளம் காண்பது அவசியம். வேகனில் ஆர்எஃப்ஐடி பட்டை (வேகன் எண்ணை ரேடியோ அலையில் சொல்வது) இருந்தால் அந்தப் பேரிங்கின் பழைய வரலாறு தானாக ஒட்டிக்கொள்ளும். பட்டை இல்லாவிட்டாலும் நடுவில் ஷன்டிங் நடக்காதவரை இஞ்சினிலிருந்து அச்சு எண்ணி ஒப்பிடலாம். அதே அச்சு சீப்ரிங்கில் 21, சேலத்தில் 57. அதற்குப் பட்டை எதற்கு?

#27 சிக்னல்_சாமி

டிடெக்டரைப் பராமரிக்கிற பக்கம் யாரும் சொல்லவில்லை. கண்ணாடியில் தூசியும் பிரேக் பொடியும் படிந்தால் எல்லாப் பேரிங்கும் குளிர்ந்துவிடும், ஒரு அலாரமும் வராது. அலாரமே வராத டிடெக்டரைத்தான் சந்தேகிக்கணும். வண்டிக்கு வண்டி இடப்பக்கச் சராசரிக்கும் வலப்பக்கச் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பதிவு செய்துகொண்டே வந்தால் எந்தக் கண் மங்குகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். வெயிலைக் கழிக்க, காலை வண்டியைக் காலை வண்டியோடு ஒப்பிடுங்கள்.

சூடேற்றிய தகட்டைக் கண்ணுக்கு நேராக வைத்து இரண்டு மூன்று வெப்பநிலையில் சரிபார்க்கணும். ஒரே புள்ளியில் பார்த்தால் சாய்வு தப்பியது தெரியாது. பேக்கிங் மெஷின் (ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்கும் இயந்திரம்) போய்வந்த பிறகு கண்ணின் கோணத்தைக் கட்டாயம் பாருங்கள், ஸ்லீப்பர் சில மி.மீ. நகர்ந்தாலே குறி கப்பை விட்டுச் சக்கரத்துக்குப் போய்விடும். வெளிக்காற்றை அளக்கும் சென்சார் வெயில் படும் பெட்டி மேல் இருந்தால் 8, 10 டிகிரி கூட்டிக் காட்டும், அந்த 10 ஒவ்வொரு பேரிங்கிலிருந்தும் கழியும். கிழக்கு மேற்குப் பாதையில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் நேராகக் கண்ணுக்குள் விழுந்து பொய் அலாரம் வரும். வேகன்களுக்கு நடுவே, பேரிங்கே இல்லாத இடத்தில் சூடு பதிவானால் அது சூரியன்.

#28 புது_டிஎக்ஸ்ஆர்

கடைசியாக ஒன்று. நேற்று புதுசாகப் போட்ட சிடிஆர்பி, மற்றதை விட 18 டிகிரி கூடுதல். கழற்றவா?

#29 யார்டு_வெயில்

சத்தம், கிரீஸ் கசிவு, வாடை மூன்றும் இல்லையே? இருந்தால் கழற்று.

இல்லையென்றால் புது சீல் உதடு இறுக்கமாக இருக்கும், கிரீஸும் இன்னும் பரவியிருக்காது. முதல் சில நூறு கி.மீ. சூடாக ஓடிவிட்டு இறங்கும். அந்தச் சக்கர ஜோடியின் எதிர் முனையும் புதுசுதானே, அதைச் சுடு. அதுவும் அதே அளவு இருந்தால் விடலாம், அடுத்த யார்டுக்கு வேகன் எண்ணும் முனையும் சூடும் எழுதி அனுப்பு, அங்கே மறுபடி பார்க்கச் சொல். எதிர் முனை குளிர்ந்து இது மட்டும் 18 என்றால் விடாதே. கேப் ஸ்க்ரூ முறுக்கையும் அடாப்டர் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு, எஸ்எஸ்இயிடம் (சீனியர் செக்ஷன் இன்ஜினியர்) சொல்லி வேகனை நிறுத்திவை.

#30 புது_டிஎக்ஸ்ஆர்

எதிர் முனை 3 டிகிரிதான் கூடுதல். அடாப்டர் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. சிக் மார்க் பண்ணியாச்சு.